வர வேணாம் கண்ணு

பொங்கல் விடுமுறைக்கு ஏற்காட்டுக்கு வந்திருந்த அண்ணன் மகள் கொரியன் படித்துக்கொண்டிருந்தாள். தொடர்கள் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. "அத்தை, 'அன் வாதோ துவே'ன்னா 'வர வேண்டாம்'தானே?" என்று கேட்டாள்.

அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவரும் பிரித்துப் பார்த்தோம். 'வராவிட்டாலும் ஆகும்.' கட்டாயம் இல்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள். தடுப்பதற்கு வேறு தொடர் இருக்கிறது: 'ஓம்யன் அன் துவே', வந்தால் ஆகாது. 'வா' அவர்களுக்கும் வாதான்! 1905இல் ஹோமர் ஹல்பர்ட் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். அவர் சொன்ன உறவை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் இந்த இரண்டு தொடரையும் தமிழாக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

சிரமம் நம் 'வேண்டாம்' என்பதில்தான். தேவையில்லை என்பதும் அதுவே, செய்யாதே என்பதும் அதுவே. 'வேண்டியதில்லை', 'கூடாது' என்று வகுப்பில் பிரித்து எழுதிப் போடுகிறேன். வீட்டில் 'நீ வர வேண்டியதில்லை' என்று சொன்னால் சண்டை என்றுதான் அர்த்தம். அதைவிட, 'எனக்கு வேண்டும்' என்ற ஆசையும் 'நான் செய்ய வேண்டும்' என்ற கடமையும் ஒரே வினையில் பிறந்தவை. முனைவர் பட்டத்துக்கு இலக்கணம் படித்தபோதுகூட இது என்னை உறுத்தவில்லை.

2003இல் அப்பா இறந்தார். காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பாடையைத் தூக்கியபோது நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தேன். சாலை வளைவில் அம்மா என் கையைப் பிடித்தார். "வர வேணாம் கண்ணு." மற்ற பெண்களோடு நானும் நின்றுவிட்டேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பறைச் சத்தம் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தடுத்தாரா, என்னைக் கஷ்டத்திலிருந்து விடுவித்தாரா? இத்தனை வருடம் கேட்கவில்லை. தடுத்தார் என்றே வைத்துக்கொண்டு, அதற்காக அவரிடம் கோபமாகவும் இருந்திருக்கிறேன்.

அம்மா களத்தில் காப்பிப் பழத்தைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"நீ அழுதழுது மயங்கிருவியோன்னு பயந்தேன். அதுக்குத்தான் சொன்னேன்."

"அப்போ நான் வந்திருந்தா?"

"பெரியப்பா சத்தம் போட்டிருப்பாரு." பழத்தை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினார். "நீ போயிருந்தா உன் பின்னாடி நானும் வந்திருப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு யாரும் வேணாம்னுகூடச் சொல்லல, கண்ணு" என்றார்.