காற்றறிந்த விதி

கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சிறு பாய்மரப் படகைச் செலுத்தப் பழகினேன். எதிர்க்காற்றில் படகு நேராகச் செல்லாது. இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பியே முன்னேற வேண்டும்.

போட்டியின் இறுதி நாள் காலை, காற்று ஓய்ந்து பாய் துவண்டது. அச்சுற்றில் கடைசியாகவே இலக்கை அடைந்தோம். உடன்வந்த தோழன் கண்கலங்கினான். பாய்மரப் போட்டியில் முதலிடத்திற்கு 1 புள்ளி, இரண்டாமிடத்திற்கு 2 புள்ளி. மொத்தப் புள்ளி குறைந்தவரே வெல்வர். சுற்றுகள் பல நிகழுமாயின், மிகத் தாழ்ந்த ஒன்றைக் கணக்கினின்று விலக்குவர். காற்றின் நிலையாமையை அறிந்தோர் வகுத்த விதி அது.

பிற்பகலில் நீர்ப்பரப்பு கருத்துச் சிலிர்த்தது, வன்காற்று வந்தது. விளிம்பில் அமர்ந்து, உடலை வெளியே சாய்த்துப் படகைச் சமன்செய்தோம். மூன்றாவதாக இலக்கைக் கடந்தோம். பரிசு கிட்டவில்லை. ஆயினும், பாயை மடிக்கையில் தோழன் அடுத்த ஆண்டுப் போட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.