இழுத்தால் தாங்காத கம்பி

வானொலியில் சேர்ந்ததும் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், மைக் வயரைச் சுருட்டுவது. மடித்து இறுக்கினால் உள்ளே கம்பி முறிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது; ஒலி மட்டும் விட்டுவிட்டு வரும்.

அம்மா புக்கிட் செலம்பாவ் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வாளி சுமந்த அவர் முதுகை அண்மையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்தோம். வெளியே காத்திருந்தபோது அந்த இயந்திரத்தைப் பற்றிப் படித்தேன்.

அதன் காந்தத்தில் மீக்கடத்திக் கம்பி சுற்றியிருக்கிறது. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 பாகை செல்சியஸுக்குக் குளிர்ந்திருப்பதால் மின்தடையே இல்லை. ஆனால், காந்தவிசை கம்பியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மயிரிழை நழுவினாலும் உரசலில் சூடு பிறந்து, மீக்கடத்தும் தன்மை போய், ஹீலியம் கொதித்து வெளியேறலாம். அதனால் சுருளை அசையாதபடி பிசினால் இறுக்குகிறார்கள்.

அங்கே இருப்பது வளைந்து கொடுக்கும் நையோபியம்-டைட்டானியம். இன்னும் வலிய காந்தங்களுக்கு வேண்டிய நையோபியம்-வெள்ளீயமோ பீங்கான் மாதிரி. நீளத்தில் 100இல் ஒரு பங்கு இழுத்தாலே விரிசல் விடும். தாங்கும் மின்சாரம் குறையும். ஆகவே முதலில் சுருளாகச் சுற்றி, பிறகுதான் ஏறத்தாழ 650 பாகையில் சுடுகிறார்கள்.

பிரான்சில் இந்தியாவும் சேர்ந்து கட்டும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலைக்கான சில கம்பிவடங்களில், மின்சாரத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிச் சோதித்தபோது திறன் தேய்ந்தது. இழைகளை இன்னும் நெருக்கமாக முறுக்கியதும் நின்று பிடித்தன.

வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எல்லாத்தையும் ரப்பர்னு நெனச்சு இழுக்கக் கூடாதுலா."