"சுகர் வந்துடுச்சா?"

பாலக்கோட்டில் விடிகாலையில் ஒரு பெண் வேகமாக நடந்தால், வாசல் தெளிப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி இது. நோய் வந்தால்தான் நடக்க வேண்டும் என்று நம் மனதில் எப்படியோ பதிந்துவிட்டது. அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டே போன வருடம் இரண்டு முறை நடையை நிறுத்தினேன். இப்போது, "வரக்கூடாதுன்னுதான்க்கா நடக்கறேன்" என்று சொல்லிவிடுகிறேன். கேட்ட அக்காவே வியாழக்கிழமை என்னோடு வந்தார். இரண்டு பேராகப் போனால் தெருநாய் பயமும் பாதி குறைகிறது.

நேரம்தான் கிடைப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைச் சேர்ந்தாற்போல் செய்யத் தேவையில்லை, துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்குதான் என்று 2020 வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது. காலையில் இருபது நிமிடம், இட்லி வேகும்போது பத்து நிமிடம். எனக்கு இப்படித்தான் முடிகிறது.

2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு தொடங்கியது நல்ல காரியம். ஆனால் எங்கள் தெருமுனையில் ஒரு விளக்கு எரிந்தால் இன்னும் பத்துப் பெண்கள் வெளியே வருவார்கள்.

அம்மாவால் நடக்க முடியாது. ஃப்ளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்து, எலும்பு பாதிக்கப்பட்ட தலைமுறை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது. மருத்துவர் சொன்னபடி அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிப் பத்து எண்ணுவார். ஏழில் கால் நடுங்கும். பத்து வரை இறக்கமாட்டார்.