இருத்தலும் இருத்தல் நிமித்தமும்

முல்லைத் திணைக்குரிய உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும் என இலக்கண நூலார் வகுத்தனர். வினைமேற் சென்ற தலைவன் கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் எனச் சொல்லிச் சென்றான். அச்சொல்லைப் பற்றிக்கொண்டு தலைவி ஆற்றியிருக்கிறாள். அவளது இருத்தலுக்கு ஓர் எல்லையுண்டு. மேகம் கறுத்து முல்லை அரும்பவிழுமாயின் காலம் வந்துவிட்டதென்பதை அவள் அறிவாள். எல்லை தெரிந்த காத்திருப்பை மனித மனம் எவ்வாறேனும் தாங்கிக்கொள்ளும். எல்லையே தெரியாத காத்திருப்புக்கு நம் இலக்கணத்தில் தனித்திணை வகுக்கப்படவில்லை. பெயரில் முல்லையையும் நிலத்தில் நெய்தலையும் கொண்டு விளங்கும் முல்லைத்தீவின் கரையோர வீடொன்றில், இவ்விரு வகைக் காத்திருப்புகளும் ஒரே கூரையின்கீழ்ச் சில மாதங்கள் வாழ்ந்தன. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

அவ்வீட்டின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சமூகவியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றவள். தந்தை கரைவலைத் தொழிலாளி. பட்டம் பெற்றபின் இரண்டாண்டுகள், கிராமங்களிற் குடும்பங்களைச் சந்தித்து உளவளத்துணை வழங்கும் செயற்றிட்டமொன்றில் ஒப்பந்த அடிப்படையிற் பணியாற்றினாள். ஒப்பந்தம் முடிவடையும் நாள் நெருங்கியபோது, உளவளத்துணையிலும் சமூகப்பணியிலும் முதுமாணிப் படிப்பை மேற்கொள்வதென முடிவு செய்து மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஒன்று கொழும்பில்; மற்றொன்று இந்தியாவில்; மூன்றாவது கடல்கடந்த மேலைநாடொன்றில்.

இக்கல்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. இந்தியாவில் 1936ஆம் ஆண்டு பம்பாயில் தாட்டாவின் பெயரால் சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது. 1952ஆம் ஆண்டு சென்னையிலும் அத்தகைய கல்லூரி ஒன்று எழுந்தது. அதே 1952இற் கொழும்பிலும் சமூகப்பணிக் கல்விக்கு வித்திடப்பட்டது. 1992ஆம் ஆண்டின் சட்டமொன்று அதனைத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக்கியது. ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்துறை யாதென்பது நம் ஊர்களில் தெளிவாக விளங்கவில்லை. “சமூகப்பணி செய்யவும் படிக்கவேணுமோ?” என்று அயலவர் வினவினர். வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் உள்ள மதிப்பை இத்துறைக்கு எதிர்பார்த்தல் இயலாது. அவளுடைய தாய்மாமன், ஆசிரிய நியமனத்துக்கு முயலுமாறே இறுதிவரை அறிவுரை கூறிவந்தார்.

இத்துறைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களே சிந்தனைக்குரியவை. அரச ஆவணங்கள் உளவளத்துணை என்கின்றன. யாழ்ப்பாணத்திற் சீர்மியம் என்ற சொல்லும் வழங்குகின்றது. ஆற்றுப்படுத்தல் என்பாரும் உளர். பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை நூல்கள் ஆகும். பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, வழியிலே வறுமையோடு எதிர்ப்படும் தன் இனத்தானுக்குத் தான் சென்றுவந்த வழியைச் சொல்லி ஆற்றுப்படுத்துவது அந்நூல்களின் மரபு. வழி சொல்பவன் அவ்வழியே நடந்தவனாக இருத்தல் வேண்டும் என்பது அம்மரபின் உட்கிடை. தன் துறைக்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லையென அவள் கருதினாள். எனினும் அப்பெயரே பின்னர் அவளை இடர்ப்படுத்தியது.

விண்ணப்பத்தோடு பல்கலைக்கழகப் பெறுபேற்று அறிக்கையும், இரு விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதங்களும், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றும் அனுப்பவேண்டியிருந்தன. ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பங்களுக்கும் பணம் தேவைப்பட்டது. தாய் தன் கைக்காப்பு இரண்டையும் வங்கியில் அடைவு வைத்தாள். தேர்வுப் பெறுபேறு இரண்டாண்டுகளே செல்லுபடியாகும். காப்பின் வட்டியோ மாதந்தோறும் ஏறும். இவை எல்லாவற்றிலும் அரிதாயிருந்தது, ‘இத்துறையை நீர் ஏன் தெரிந்தெடுத்தீர்?’ என்ற வினாவுக்கு ஆயிரம் சொற்களில் எழுதவேண்டிய விடையே.

அவளுக்கு ஒரு தமையன் இருந்தான். இருக்கிறான் என்பதா, இருந்தான் என்பதா என அவ்வீட்டில் எவரும் முடிவு செய்ததில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிவுற்ற நாட்களில் அவன் காணாமற்போனான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு ஒன்பது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர்; அடுத்த மாதமே முல்லைத்தீவிலும் தாய்மார் அமர்ந்தனர். அவளுடைய தாயும் மகனின் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்பந்தலில் இருந்தாள். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மாத்திரம் கூறும் சான்றிதழுக்கும் அதே ஆண்டு சட்டம் வழிவகுத்தது. தாய் அச்சான்றிதழையும் பெறவில்லை. மகனுக்குத் திவசமும் செய்யவில்லை. இரவில் ஒரு பிடி சோற்றைத் தனியே எடுத்து மூடி வைத்தபின்னரே அவள் படுக்கைக்குச் செல்வாள்.

முதலில் எழுதிய விடையில் மகள் இவற்றையெல்லாம் எழுதியிருந்தாள். அதனை வாசித்த விரிவுரையாளர், “இந்தப் பகுதிதான் உம்முடைய பலம், இதை எடுத்துவிடாதையும்” என்றார். அவர் நல்லெண்ணத்தோடு கூறியதே அது. ஆயினும் அச்சொற்கள் அவளது உறக்கத்தைக் கெடுத்தன. தமையனின் இன்மையை அனுமதிக்கான தகைமைகளுள் ஒன்றாகச் சேர்த்து அனுப்புவதா? பரிந்துரைக் கடிதத்தின் அருகே அவனை வைப்பதா? நடந்த வழியைச் சொல்வதே ஆற்றுப்படையின் மரபாயினும், பரிசில் பெறும்பொருட்டு வழியிற் கண்ட துயரை விற்பது மரபாகுமா? இவ்வாறு பலநாள் எண்ணி, விண்ணப்ப முடிவுநாளுக்கு முதனாள் இரவு அப்பகுதி முழுவதையும் நீக்கினாள். கிராமங்களிற் செய்த பணியையும் கற்ற நூல்களையும் பற்றி மட்டும் எழுதி அனுப்பினாள். அனுப்பிய மறுகணமே, தமையனை இரண்டாம் முறையும் தொலைத்துவிட்டோமோ என்ற எண்ணம் எழுந்தது.

அதன்பின் தொடங்கியது இருத்தல். பங்குனி மாதத்துள் முடிவு தெரியும் என்றே மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. முன்னாளிலே படலையில் தபால்காரரின் மணியோசைக்குச் செவிசாய்த்தனர். இப்போது கைத்தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் நெஞ்சு துணுக்குறுகின்றது. வீட்டினுள் அலை சரியாகக் கிடைப்பதில்லை. எனவே கிணற்றடிக்கும் பூவரச மரத்தடிக்கும் இடையே அவள் நாளொன்றுக்குப் பலமுறை நடந்தாள். விளம்பர மின்னஞ்சல் ஒன்று வந்தாலும் அதனைத் திறக்குமுன் கை நடுங்கும். உடன் விண்ணப்பித்த தோழி ஒருத்திக்கு அனுமதி கிடைத்த செய்தி வந்த நாளில், அவளை வாழ்த்திவிட்டு அன்றிரவு உணவின்றிப் படுத்தாள். பிறர் மனத்தை ஆற்றும் கலையைக் கற்க விழைபவளால் தன் மனத்தை ஆற்ற இயலவில்லை என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சித்திரை பிறந்து நான்காம் நாள் விடை வந்தது. விண்ணப்பித்தோர் தொகை மிகுதி எனவும், வருந்துகின்றோம் எனவும், எதிர்கால முயற்சிகள் சிறக்க வாழ்த்துகின்றோம் எனவும் நான்கு வரிகள். காரணம் கூறப்படவில்லை. பூவரச மரத்தடியிலேயே அமர்ந்து அவள் அழுதாள். அடைவு வைத்த காப்பும், நீக்கிய பகுதியும், இனி ஓராண்டு வீணே கழியும் என்ற எண்ணமும் ஒருசேர வந்து வருத்தின. அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தாய், கையைக் கழுவிவிட்டு வந்து அருகே அமர்ந்தாள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு மகளின் தலையைத் தடவியவாறு, “இல்லையெண்டாவது சொல்லிப்போட்டாங்கள் தானே, பிள்ளை” என்றாள்.

தாய் ஆறுதலாகவே அதனைச் சொன்னாள். குத்திக்காட்டும் நோக்கம் சிறிதும் அவளிடம் இல்லை. இல்லை என்ற சொல்லும் ஒரு விடை என்பது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவள் கற்ற பாடம். அச்சொல்லைக் கேட்டதும் மகளின் அழுகை நின்றது. மூன்று மாதக் காத்திருப்பில் உணவும் உறக்கமும் இழந்த தன் நிலையை அவள் எண்ணிப் பார்த்தாள். இந்த மரத்தடியிலிருந்து அடுப்படி எத்தனை அடி தூரம்? அங்கே இவ்வளவு காலமும் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

போலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இந்நிலையைத் ‘தெளிவற்ற இழப்பு’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தவர். வியட்நாம் போரிற் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அவர், 1999இல் அதுபற்றித் தனிநூலும் எழுதினார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்னுமிடத்துத் துயரம் முடிவுபெறாது உறைந்து நிற்கும் என்பதும், அது அம்மனிதரின் உளநோய் அன்று, அவர் அகப்பட்டிருக்கும் சூழ்நிலையின் விளைவே என்பதும் அவர் கொள்கை. மகள் அந்நூலைப் பற்றிப் படித்திருந்தாள், கருத்தரங்கொன்றிற் பேசியுமிருந்தாள். அவள் வீட்டின் மூடிவைத்த சோற்றுக்கும் அக்கொள்கைக்கும் உள்ள தொடர்பு அன்றுதான் அவளுக்கு உறைத்தது. நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல். இன்றைய வழக்கில் இறந்தாரை நினைந்து வருந்துதலையும் அச்சொல் குறிக்கும். நெய்தற் கரையில் வாழ்ந்தும் இரங்கலுக்குள் நுழைய இயலாது, முல்லையின் இருத்தலிலேயே நிறுத்தப்பட்டவள் அத்தாய். அவளை இரங்கலுக்குப் போ என்று தள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை.

ஆனால் அவ்வாறு தள்ள முயன்றவர்களுள் தானும் ஒருத்தி என்பதை மகள் உணர்ந்தாள். கிராமங்களிலே தாய்மாரைச் சந்தித்தபோது, நடந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள் என மென்மையாகவேனும் பலரிடம் கூறியிருக்கிறாள். என்ன நடந்ததென்று தெரிந்தாலன்றோ ஏற்பதற்கு? ஒப்பந்தத்தின் எஞ்சிய வாரங்களில் அவள் அச்சொல்லைப் பயன்படுத்தவில்லை. போய் அமர்ந்தாள், பெயரைக் கேட்டாள், அவன் எந்த வகுப்பிற் படித்தான், எந்தக் கறியை விரும்பினான் என்று கேட்டாள். முன்னர் அரைமணி நேரத்தில் எழுந்துபோன தாய்மார் தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டு பேசினர்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வந்தது. கடல்நீரில் விளக்கெரியும் அக்கோயிலுக்குத் தாயும் மகளும் சென்றனர். அரசவையிற் சென்று தன் கணவனுக்கு நேர்ந்ததற்கு விடை கேட்ட ஒருத்தியை நம் கரையோரத் தாய்மார் தெய்வமாக வழிபடுவது தற்செயலாக அமைந்ததன்று போலும். தாய் இரண்டு நேர்த்திகள் வைத்தாள். ஒன்று பழையது, மற்றொன்று மகளின் படிப்புக்கு.

இந்தியாவிலிருந்து காத்திருப்போர் பட்டியலிற் சேர்க்கப்பட்டுள்ளதாகச் செய்தி வந்தது. இரு வாரங்களின் பின் கொழும்பிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அங்கும் அதே வினாவைக் கேட்பார்கள் என்பதை மகள் அறிவாள். இம்முறை அவள் தானாக முடிவெடுக்கவில்லை. தன்னை நாடி வந்தவரின் கதையை அவரது இசைவின்றிப் பிறர்க்குக் கூறலாகாது என்பது உளவளத்துணையின் முதற்பாடங்களுள் ஒன்று. தமையனின் கதை தனக்கு மட்டும் உரியதன்று. எழுதியபோதும் நீக்கியபோதும் தாயிடம் தான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இரவு சோற்றை மூடி வைத்துவிட்டுத் தாய் வந்தபோது, “அம்மா, அங்கை அண்ணாவைப் பற்றிச் சொல்லட்டே?” என்று கேட்டாள்.

தாய் சிறிதும் தயங்கவில்லை. “சொல்லு பிள்ளை. பேரையும் சொல்லு. கொழும்பிலை கனபேர் இருப்பினம், ஆரும் கண்டவை இருந்தால் சொல்லுவினம் எல்லே” என்றாள். சாமித் தட்டில் இருந்த படத்தின் பிரதியொன்றை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

துயரை விற்பதாகாதா என்று மகள் பல இரவுகள் எண்ணிக் குழம்பிய வினா, தாயின் உள்ளத்தில் ஒருபோதும் எழுந்ததில்லை. அவளுக்கு எந்த வாயிலும் மகனைக் கேட்பதற்குரிய வாயிலே.

மாங்குளம் ஊடாகக் கொழும்பு செல்லும் இரவுப் பேருந்தில், பட்டச் சான்றிதழும் பெறுபேற்று அறிக்கையும் வைத்த கோவையினுள்ளே அப்படமும் இருந்தது. நேர்முகத் தேர்வின் முடிவு இக்கட்டுரை எழுதப்படும்வரை அறிவிக்கப்படவில்லை. ஆனால் அது ஒருநாள் வரும். ஆம் என்றோ இல்லை என்றோ, எவரோ ஒருவர் கையொப்பமிட்டு அனுப்பியே தீர்வர். அவ்வளவு உறுதி தன் காத்திருப்புக்கு உண்டு என்பதை இப்போது அறிந்திருப்பதனால், அவள் கிணற்றடிக்கும் பூவரச மரத்துக்கும் இடையே முன்போல் நடப்பதில்லை. மாலை வேளைகளிற் தாயின் அருகே அடுப்படியில் அமர்ந்திருக்கிறாள்.