பந்தாட்டமும் படியளப்பும்: பாலக்காடு முதல் மூணாறு வரை

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை வாளையாற்றைக் கடந்ததும், கணவாய்க் காற்று முகத்தில் வீசத் தொடங்கும். மலைகள் இருபுறமும் விலகி நிற்க, நடுவே நெல்வயலும் கரும்பனையுமாகப் பாலக்காட்டுச் சீமை விரிகின்றது. அறுவடை முடிந்த வயல்கள் சிலவற்றில் வேறொரு போகம் ஆரம்பமாகும். அதுதான் ‘செவன்ஸ்’ என வழங்கும் எழுவர் கால்பந்தாட்டம்.

ஒரு மழைக்காலம் ஓய்ந்து மறு மழைக்காலம் வரும் வரையில், பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் இரவு நேரங்களில் மின்விளக்கின் கீழ் இப்பந்தயங்கள் நடைபெறுகின்றன. தற்காலிகமாகக் கட்டிய கேலரிகளில் ஜனத்திரள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும். மண்ணார்க்காடு, ஷொர்ணூர் போன்ற ஊர்களுக்குத் தனித்தனிக் குழுக்கள் உண்டு. கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் முதலிய தூரதேசங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து ஆடுகின்றனர். நம்மைப் போலவே பிழைப்பை நாடிக் கடல் கடந்தவர்கள் அவர்கள்.

அவர்களுடைய ஊதியம் எத்தகையது? ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதே பெருவழக்கு. ஆடாத நாளுக்குப் பணமில்லை. முழங்கால் பிசகினால் வரும்படியும் நின்றுபோகும். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் எழுவர் ஆட்டத்தை அங்கீகரிக்கவில்லை. ஆதலால் அங்கே பதிவாகும் ஒப்பந்தங்களுக்குள்ள காப்பு இவர்களுக்கு எட்டுவதில்லை. உள்ளூர் இளைஞருக்கு நிலையான பாதுகாப்பாக நெடுங்காலம் விளங்கியது சர்க்கார் உத்தியோகமே. அண்டையிலுள்ள திருச்சூரில் வறுமையில் வளர்ந்த ஐ.எம். விஜயன் கேரளப் போலீஸ் குழுவில் சேர்ந்தே உயர்ந்தார். அக்குழு 1990-இலும் 1991-இலும் பெடரேஷன் கோப்பையை வென்றது.

இனி மலைநாட்டுக்குச் செல்வோம். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னார்ச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். மறையூரின் சந்தனக் காட்டையும் கரும்புத் தோட்டத்தையும் கடந்து ஏறினால், மூணாற்றின் தேயிலைச் சரிவுகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும். அங்கே உழைப்போரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள். 1941-இல் தொடங்கிய பின்லே கேடயக் கால்பந்துப் பந்தயம் இங்குப் பெயர் பெற்றது. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதுகின்றது. ஆடுவோர் தோட்டத்தில் வேலை பார்ப்போர். பந்துக்கென்று தனிச் சம்பளம் இல்லை.

இவர்களுக்குப் பாலக்காட்டு ஆட்டக்காரருக்கு இல்லாத ஒன்று இருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் அளிக்க வழிசெய்தது. எனினும் சட்டம் மட்டும் வயிற்றை நிரப்பிவிடவில்லை. 2015 செப்டம்பரில், ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் பெண்கள் திரண்டு, 20 சதவீதப் போனஸும் நாளுக்கு 500 ரூபாய்க் கூலியும் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். 232 ரூபாயாக இருந்த கூலி பின்னர் 301 ரூபாயாயிற்று. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் கூடிக் கேட்டதனால்தான் இதுவும் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்ற கவலையோ இன்றும் தீரவில்லை.

நம்மவர் பலர் வாழும் கனடாவிலும் அமெரிக்காவிலும், பனிக்கட்டி ஹாக்கியின் கீழ்நிலைக் குழுக்களில் ஆடுவோர் 1967-இல் சங்கம் கண்டனர். அச்சங்கம் பேசி முடித்த ஒப்பந்தங்களால், சம்பளமும் ஆட்டக்காலத்தில் தங்குமிடமும் எழுத்தில் உறுதியாயின. அவர்களும் பெருஞ்செல்வர் அல்லர். ஆனால் அடிபட்ட மறுநாள் தம் உரிமை யாதென்று காட்ட அவர்கள் கையில் ஒரு காகிதம் உண்டு.

வயலில் ஆடுபவனுக்கும் மலையில் கொழுந்து பறிப்பவளுக்கும் மூலதனம் உடம்பு ஒன்றே. அது தளரும் நாளில் சோறு போடுபவர் யார் என்பதை, அது வலுவாயிருக்கும் நாளிலேயே எழுதி வாங்குதல் வேண்டும். அயலூரில் வேலைக்கும் விளையாட்டுக்கும் நம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், தொகை எவ்வளவு என்று விசாரிப்பதோடு நில்லாமல், இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்பார்களாக.