தலைமன்னாரில் பதினொரு நாட்கள்

மன்னார்ப் பாலத்தை எங்கள் பஸ் கடந்தபொழுது பிரயாணத்தில் இன்னும் பதினேழு நாட்கள் எஞ்சியிருந்தன. கையிலிருந்த பணமோ பத்து நாட்களுக்குக்கூடக் காணாது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி, மாலை நேரம். பாலத்தின் இரு மருங்கிலும் ஆழமற்ற கடல் தகடுபோற் கிடந்தது. எங்கள் முதுகுப் பைகள் இரண்டும் நடத்துநரின் காலடியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. நாங்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தோம்.

ஆசிரியப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற ஆண்டில், தீபாவளி கழிந்த வாரத்திலே, மாத்தளையிலிருந்து இருவரும் புறப்பட்டோம். இலங்கையின் கரையோரம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்பது திட்டம். சொந்த வாகனம் கிடையாது. பஸ்ஸும் புகையிரதமும் கால்களுமே துணை. "இந்த வயதில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள்?" என்று அயலவர் நகைத்தனர். கொழும்பிலிருந்து தெற்கே காலி, அம்பாந்தோட்டை, பிறகு கிழக்கே பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை என்று சென்றோம். மாரி காலத்திற் கிழக்குக் கரைக்குச் செல்லலாகாது என்பது பூகோளம் படிப்பித்த எனக்குத் தெரியாததன்று, ஆயினும் சென்றேன். மட்டக்களப்பில் அடைமழை எங்களைப் பத்து நாள் அறைக்குள் வைத்துப் பூட்டியது. "கோயிலை வலமாச் சுத்துவாங்க. நாம இடமாச் சுத்துறோம். வேற என்ன நடக்கும்?" என்றாள் என் மனைவி.

நீண்ட பிரயாணத்தின் கடைசி வாரங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. புறப்பாட்டின் உற்சாகம் அப்போது இராது. வீடு சேர்ந்த ஆறுதலும் இராது. செருப்பு தேய்ந்திருக்கும், சட்டையின் நிறம் போயிருக்கும், ஒருவர் சொல்லப்போவது மற்றவருக்கு முன்னதாகவே தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில், சுமையைக் குறைக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் செய்து, பாதிப் பொருட்களைப் பொதி கட்டித் தபாலில் வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு சிறு தகரப் பெட்டியை மட்டும் அவள் தர மறுத்தாள். அதன் பொருட்டு எழுந்த சச்சரவில் பூநகரி வரை எங்களிடையே பேச்சில்லை. அப் பெட்டியில் இருந்தவை கடிதங்கள் என்பது எனக்குத் தெரியும். காகிதத்தின் கனம் என்ன பெரிய கனம் என்று எண்ணிப் பார்க்காமல் பேசியது என் குற்றமே.

இப் பிரயாணத்துக்கு அவள் இசைந்தபோது விதித்த நிபந்தனை ஒன்றுதான்: தலைமன்னார் கடைசியாக இருக்கவேண்டும், அங்கிருந்து வீட்டுக்குப் புகையிரதத்திலேயே வரவேண்டும், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேருக்கு முன் வந்து சேரவேண்டும்.

மன்னார் நகரில் அதிக நேரம் செலவிடவில்லை. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திய கோட்டையைப் பார்த்தோம். பள்ளிமுனையிலே பத்துப் பேர் கைகோத்தாலும் வளைத்துப் பிடிக்க இயலாத பெருக்கமரத்தையும் பார்த்தோம். ஆபிரிக்காவுக்குரிய இம் மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். வீதியெங்கும் எசமானர் இல்லாத கழுதைகள், நடுத்தெருவில், யாருக்கும் வழிவிடாமல் நின்றன. அவற்றின் நிதானம் என் மனைவிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

13ஆந் திகதி மகா சிவராத்திரி. பாலத்தை மீண்டும் கடந்து திருக்கேதீச்சரம் சென்றோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டு நெடுங்காலம் காட்டுக்குள் மறைந்து கிடந்து, பிற்காலத்தில் மீண்டெழுந்தது. அன்று பாலாவித் தீர்த்தத்திலிருந்து குடங்குடமாக நீர் மொண்டு வந்து அடியார்கள் தம் கையாலேயே சிவலிங்கத்துக்கு வார்க்கலாம். வரிசையில் மூன்று மணி நேரம் நின்று அவள் ஒரு செம்பு நீர் வார்த்தாள். அன்னதானமும் மடத்துத் திண்ணையும் இரண்டு நாட் செலவை மிச்சப்படுத்தின என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். பக்தியோடு கணக்கும் பார்த்தோம்.

15ஆந் திகதி தலைமன்னார் சென்றோம். மன்னார்த் தீவின் ஒரு முனையில் நகரம். மறு முனையில் தலைமன்னார். இடையே பனங்கூடல்கள், மணல், பேசாலைக் கிறிஸ்தவக் கிராமம். இன்று தீவின் தென்கரையில் சுழலும் 30 காற்றாலைகள் அப்போது கிடையா. பனைகளே வானத்தை எட்டி நின்றன. துறையடிக்கு அருகே மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த விதவைத் தாய் ஒருவர் தம் வீட்டின் பக்க அறையைத் தந்தார். வாடகை கேட்டபோது எங்கள் செருப்புகளைப் பார்த்தார். பிறகு, "இருக்கிறதைத் தாங்கோ" என்றார்.

நேயர்களில் இளையோருக்கு அத் துறையின் வரலாறு தெரியாதிருக்கலாம். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் கப்பற் சேவையும் ஒன்றாய் இணைந்தன. சென்னை எழும்பூரில் வண்டி ஏறியவர் தனுஷ்கோடியிற் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி புகையிரதம் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். எல்லாவற்றுக்கும் டிக்கெட் ஒன்றே. நடுவே இருக்கும் கடல் சுமார் 30 கி.மீ. தான். 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. உலகம் சுற்றிய வெள்ளைக்கார இளைஞர்கள் முதுகுப் பையோடு வந்திறங்கியதும் இத் துறையிலேதான். 1980களின் முற்பகுதியில் அச் சேவையும் நின்றது. போரில் அழிந்த தண்டவாளம் மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச் மாதத்திலே துறைமுனை வரை புகையிரதம் வந்தது. கப்பல் வரவில்லை.

1914க்கு முன்னர், மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆட்கள் தோணிகளில் வந்து இக் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். பசியும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டன. எங்கள் இருவரின் முன்னோரும் அவ்வாறு நடந்தவர்களே. வந்த வழி இது; சென்ற வழியும் இதுவாயிற்று. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து மற்றோர் ஒப்பந்தத்தாற் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரே வீட்டின் அடுப்பும் இரண்டாயிற்று. மலைநாட்டிலிருந்து அம் மக்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு "அழுகைக் கோச்சி" என்று பெயர்.

என் மனைவியின் தகப்பனார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். அவளுடைய மூத்த அக்காளின் கணவர் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். 1972இல் அக்காள் குடும்பம் நாவலப்பிட்டி நிலையத்தில் வண்டி ஏறியபோது இவளுக்குப் பதினொரு வயது. அதற்குப்பின் கடிதங்கள்தாம். போய் வரலாமே என்று பிற்காலத்தில் சிலர் கேட்டதுண்டு. விமானம் இருந்தது, எங்களிடம் வசதி இல்லை. வசதி ஓரளவு வந்தபோது அக்காள் இல்லை. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 2003இல் அவர் காலமானார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது.

தலைமன்னாரில் எங்கள் நாள் இப்படிக் கழிந்தது. விடியற்காலையில் வள்ளங்கள் கரை சேரும். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிப்பதால் தென்கடலில் தொழில். சோளகம் பெயர்ந்தால் மாறிவிடும். விற்றது போக எஞ்சிய மீனை வீட்டுக்கார அம்மா கிழித்து, குடல் நீக்கி, உப்பிட்டுக் காயவைப்பார். மூன்றாம் நாள் என் மனைவியும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அருகில் அமர்ந்தாள். "சிவராத்திரி விரதம் முடிச்ச கையோட மீன் கிழிக்கிறேன்" என்று சிரித்தாள். அவளுடைய உழைப்புக்குக் கூலியாக இரு வேளைக் குழம்பு கிடைத்தது. எனக்கு வாய்த்த உத்தியோகம் காகம் ஓட்டுவது. முப்பத்தைந்து ஆண்டு மாணவரை அடக்கிய என் குரலுக்குத் தலைமன்னார்க் காகங்கள் சற்றும் அஞ்சவில்லை.

மாலையில் துறைப் பக்கம் நடப்போம். துருப்பிடித்த தூண்களும் இற்றுப்போன பலகைகளுமாகப் பழைய இறங்குதுறை கடலுக்குள் நீண்டு கிடக்கும், அருகே வெளிச்சவீடு. அங்கே முதியவர் ஒருவர் நாள்தோறும் வந்து உட்காருவார். வாலிப வயதில் அத் துறையிற் பிரயாணிகளின் பொதி சுமந்தவர். அவரிடம் என் மனைவி, "ஐயா, தோட்டத்து ஆளுகள் போன காலத்துல இங்க இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இருந்தனான் பிள்ளை. கோச்சி விடியக்காலம் வந்து நிக்கும். இறங்கினவுடனே எல்லாரும் கடலைப் பார்ப்பினம். முக்கால்வாசிப் பேர் கடல் கண்டதில்லை. பயத்தில அழுகை நிண்டு போகும்."

"சாமான் சட்டெல்லாம்?"

"குடம், குத்துவிளக்கு, சாமிப் படம், உரல், அம்மி. கனமானதுகளை எல்லாம் என்னண்டு கொண்டுபோறது? கூலிக்குக் காசில்லை எண்டு விட்டிட்டுப் போனவையும் உண்டு. சுங்கக் கொட்டகைக்குப் பின்னால் அம்மி கிடக்கும். ஊர்ச் சனம் தூக்கிக்கொண்டு போகும். நீ இருக்கிற வீட்டு அம்மியும் அங்க கிடந்ததுதான்."

அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு தகரப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தாள். அக்காளின் முதற் கடிதம் அது. மண்டபம் முகாமிலிருந்து எழுதியது. கப்பலில் எல்லோரும் வாந்தியெடுத்ததையும், இங்கே இந்தியாக்காரர் என்று அழைக்கப்பட்ட தங்களை அக்கரையில் இறங்கியதும் சிலோன்காரர் என்று அழைத்ததையும் எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி. அம்மா சீதனமாய்த் தந்த அம்மியைத் தூக்க முடியாமல் தலைமன்னாரில் விட்டுவிட்டதாகவும், அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும். பதினொரு வயதுப் பெண் அந்த இரகசியத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. பிறகு என்னிடமும் சொல்லவில்லை.

"அப்படியானால் இந்த அம்மி..." என்று தொடங்கினேன்.

"நூறு அம்மி கிடந்திருக்கும். இதுதான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

ஆயினும் மறுநாள் முதல் அவ்வீட்டுச் சம்பலை அவளே அரைத்தாள். நடுவில் குழிந்து, ஒரு மூலை உடைந்த கருங்கல். வீட்டுக்கார அம்மாவிடம் முதியவர் கூறியதைச் சொன்னபோது அவர் பதறிவிட்டார்; "உங்கட எண்டால் கொண்டுபோங்கோ தங்கச்சி" என்று மன்றாடினார். என் முதுகைப் பார்த்தேன். என் மனைவியும் பார்த்தாள். "இல்லக்கா, இது இங்கயே இருக்கட்டும். நீங்க நல்லா வச்சிருக்கீங்க" என்றாள்.

ஓர் இரவு கரையில் நின்றபோது அவளுடைய கைபேசி கிணுகிணுத்தது. இந்தியாவுக்கு வந்த எங்களை வரவேற்பதாக ஒரு செய்தி. அக்கரை அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு அப் பேதைக் கருவி எங்களைக் கடல் கடந்தவர்களாக எண்ணிவிட்டது. கடவுச்சீட்டு இன்றி, காசு இன்றி, ஒரு விநாடியில். அவள் அச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

26ஆந் திகதி புறப்பட்டோம். டிக்கெட்டை அவளே வாங்கினாள். நிலையத்திற்கு வந்த வீட்டுக்கார அம்மா கருவாட்டுப் பொதி ஒன்றைத் திணித்தார். நான் அனுப்பிவிட்டதாக எண்ணிய கனம் மீண்டும் பைக்குள் ஏறியது. வண்டி நகர்ந்தது. பேசாலை, மன்னார், திருக்கேதீச்சரம், முருங்கன் என்று நிலையங்கள் கழிந்தன. பனை மறைந்து வயல் வந்தது. மடு வீதி கடந்ததும் காடு. அவள் சன்னலோரம் இருந்து ஒவ்வொரு நிலையப் பெயரையும் வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாள். மதவாச்சியில் இறங்கியபொழுது, "எங்க வீட்டுல இந்தக் கோச்சியில திரும்பி வந்த மொத ஆளு நான்தான்" என்றாள்.

தேருக்கு மூன்று நாள் முன்னதாக, கையில் நூற்று நாற்பது ரூபாயோடு வீடு சேர்ந்தோம்.

மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் சென்ற பாதையில் சுமார் 250 கி.மீ. நடந்து, ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளை வந்தடைந்தார்கள். வீதியோரத்தில் என் மனைவி மோர்ப் பானையோடு நின்றாள். கால்களிற் கொப்புளத்தோடு வந்த ஓர் இளம்பெண்ணிடம், துறையடியில் மாலைதோறும் வந்து உட்காரும் கிழவனார் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொரு குவளை மோர் வாங்கிக் குடித்துவிட்டு, தன் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள விரைந்து நடந்தாள்.