தழும்பும் பச்சையும்

கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் எமது தையல் பயிற்சி வகுப்பு வாரத்தில் மூன்று நாட்கள் நடைபெறுகின்றது. வகுப்பு முடியும் வரை மண்டபத்துத் திண்ணையில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருப்பார். பேத்தியைக் கூட்டிச் செல்ல வருபவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் வெற்றிலை இடிக்கும்போது இடது முன்கையில் ஒரு கோலமும் அதன் கீழே ஒரு தேளும் தெரியும். நீலமும் பச்சையும் கலந்த நிறம். தோல் சுருங்கியதில் கோலத்தின் புள்ளிகள் நெருங்கிவிட்டன. ஆனால் அழியவில்லை.

ஆச்சி பிறந்தது மலையகத் தோட்டமொன்றில். 1977 ஆம் ஆண்டு வன்செயலில் வீட்டை இழந்து, குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். ஒருநாள் தேநீர் இடைவேளையில் அந்தப் பச்சையைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"பன்னெண்டு வயசு இருக்கும். சம்பள நாளு. லயத்துக்கு ஒரு குறத்தி வந்தா. அம்மா என்னைய மடியில போட்டுப் புடிச்சுக்கிட்டாங்க. அவ ஊசிய வச்சுக் குத்துனா. என்கிட்ட யாரு கேட்டாங்க? கத்துனேன். அப்புறம் மஞ்சளத் தடவி விட்டுட்டா. கூலியா அரிசியும் கொஞ்சம் காசும் வாங்கிட்டுப் போனா."

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார். "தோடு அடகுக்குப் போயிருச்சு. வீடு எரிஞ்சுபோச்சு. இங்க கட்டுன வீட்டையும் செல்லுல விட்டுட்டு ஓடுனோம். இது மட்டுந்தான் என்கூடவே வந்துச்சு."

அன்று வகுப்பில் வேலை ஓடவில்லை. எல்லோரும் ஆச்சியின் கையைச் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் வதனா (பெயர் மாற்றப்பட்டுள்ளது) என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

"மிஸ், உதைப் போல எனக்கும் குத்தேலுமோ? இந்தத் தழும்புக்கு மேல?"

2009 ஆம் ஆண்டு மாத்தளனில் செல் விழுந்தபோது வதனாவுக்கு வயது 22. வலது முன்கையில் முழங்கை தொடக்கம் மணிக்கட்டு வரை நீண்ட தழும்பு. எந்த வெய்யிலிலும் அவள் நீளக்கைச் சட்டைதான் அணிவாள். தழும்பு என்பது எம்மவர்களுக்கு வெறும் காயத்தின் அடையாளமாக இருக்கவில்லை. சோதனைச் சாவடிகளில் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டச் சொன்னார்கள். அது எப்படி வந்தது, எங்கே வைத்து வந்தது என்று துருவினார்கள். பின்னர் கலியாணம் பேச வந்தவர்களும் அதையே கேட்டார்கள்.

வதனா கேட்டது மற்றவர்களின் காதிலும் விழுந்துவிட்டது. "உது காவாலிப் பெடியள் குத்திறதெல்லோ. பொம்பிளை குத்தினா ஆர் மதிப்பினம்?" என்றார் ஓர் அக்கா. வதனா திரும்பிச் சொன்ன பதில் என் மனதில் தங்கிவிட்டது.

"இந்தத் தழும்பை நான் கேட்டு வாங்கேல்லை அக்கா. ஒருக்காலாவது என்ர கையில நான் விரும்பினது இருக்கட்டுமே."

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, மனித உடல் என்பது சமூகம் எழுதுகின்ற ஒரு பலகை என்று விரிவுரையில் குறிப்பெடுத்திருக்கின்றேன். பரீட்சைக்கும் எழுதினேன். அதன் பொருள் அந்தத் தையல் வகுப்பில்தான் எனக்கு விளங்கியது. அதன்பின் பச்சை குத்துதல் பற்றித் தேடி வாசித்தேன்.

பச்சை குத்துவது இன்று நேற்றுத் தோன்றிய நாகரிகமல்ல. 1991 ஆம் ஆண்டு அல்ப்ஸ் மலையின் பனிக்குள் கண்டெடுக்கப்பட்ட ஒரு மனிதனின் உடல் ஐயாயிரம் வருடங்களுக்கும் மேற்பட்டது. அந்த உடலில் 61 பச்சைக் குறிகள் இருந்தன. 'டாட்டூ' என்று இன்று இளைஞர்கள் சொல்லும் சொல்கூட ஐரோப்பாவில் பிறந்ததல்ல. பசிபிக் தீவு மக்களின் 'டாடாவ்' என்ற சொல்லை 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மாலுமிகள் தம்மோடு கொண்டு சென்றார்கள். 1891 இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓரெய்லி என்பவர் மின்சாரத்தில் இயங்கும் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கடைகளில் உள்ள இயந்திரங்கள் அதன் வழிவந்தவை.

தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த எமது முன்னோரிடமும் இந்தக் கலை இருந்தது. மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவார்கள். அதனை ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியை எடுத்துத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். அதுவே மை. எமது தோலின் மேற்படை நாளாந்தம் உதிர்ந்து புதிதாக வளர்கின்றது. ஊசி அதனைத் தாண்டி உட்படையில் மையைச் சேர்ப்பதால்தான் பச்சை அழிவதில்லை. கரிய மை தோலுக்குள் இருந்து பார்க்கும்போது நீலமாகவும் பச்சையாகவும் தெரிகின்றது.

கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் உள்ள குளிரூட்டப்பட்ட அறைகளில் இன்று இதே வேலையைச் செய்பவரைக் கலைஞர் என்கின்றோம். செய்வது கலைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த அச்சும் இல்லாமல் கைக்கணக்கில் கோலம் போட்டு, லயம் லயமாக நடந்து திரிந்த அந்தக் குறப்பெண்ணை எவரும் கலைஞர் என்று சொன்னதில்லை. அவளுடைய பெயர்கூட ஆச்சிக்குத் தெரியாது.

பச்சை அழகாக இருக்கின்றதா, இல்லையா என்பதைவிட வேறொரு கேள்வியே எனக்குப் பெரிதாகப் பட்டது. யாருடைய விருப்பத்தில் அது குத்தப்பட்டது?

1915 ஆம் ஆண்டின் ஆர்மீனிய இனப்படுகொலையின்போது சிரியப் பாலைவனத்தை நோக்கித் துரத்தப்பட்ட பெண்களும் சிறுமிகளும் பலர் பிற கூட்டத்தாரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களின் முகத்திலும் கைகளிலும் அக்கூட்டத்தாரின் வழக்கப்படி பச்சை குத்தப்பட்டது. பின்னர் மீட்கப்பட்டுத் தம் மக்களிடம் திரும்பியபோது அந்தக் குறிகளே அவர்களுக்கு அவமானமாயின. தம்முடையதல்லாத குற்றத்துக்காக அவர்கள் முகத்தை மறைத்து வாழ்ந்தார்கள். அவ்வாறான ஒரு பாட்டியின் பேத்தியான சுசான் கர்தாலியான் 2011 இல் இதனை ஒரு விவரணப் படமாக எடுத்தார். அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் நாசிகள் கைதிகளின் கையில் இலக்கம் குத்தியதையும் நாம் அறிவோம். பெயரைப் பறித்து இலக்கத்தைக் கொடுத்த குறி அது.

இதன் மறுபக்கமும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரிப் பெண்கள் நாடியில் குத்தும் பச்சை அவர்களது வம்சத்தைச் சொல்வது. ஆங்கிலேயர் ஆட்சியில் அருகிப்போன அந்த வழக்கத்தை அவர்களே மீட்டெடுத்தார்கள். நனாயா மஹூத்தா என்ற பாராளுமன்ற உறுப்பினர் 2016 இல் அதைத் தன் நாடியில் குத்திக்கொண்டார். 2020 இல் அதே முகத்தோடு அந்நாட்டின் வெளிவிவகார அமைச்சரானார்.

பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரில் ஃப்ளாவியா கர்வாலோ என்ற பச்சை குத்தும் கலைஞர் 2013 இல் ஒரு வேலையைத் தொடங்கினார். வன்முறையால் உடலில் தழும்புபட்ட பெண்களுக்கும், புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்களுக்கும், அத்தழும்பின் மேல் இலவசமாகப் பச்சை குத்திக்கொடுத்தார். கத்திக் காயத்தின் மேல் பூவும் பறவையும் வந்தன. இதை நான் வகுப்பில் சொன்னபோது வதனா கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எமது நாட்டிலும் ஒரு சம்பவம் நடந்தது. 2014 ஏப்ரலில் இங்கு வந்த நயோமி கோல்மன் என்ற பிரித்தானியப் பெண், கையில் புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்ததற்காக விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவரோ அதைப் பக்தியோடு குத்தியதாகச் சொன்னார். 2017 இல் உயர் நீதிமன்றம் அவரது உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, நட்டஈடும் வழக்குச் செலவும் வழங்குமாறு கட்டளையிட்டது. ஒரு பெண் தன் தோலில் வைத்திருப்பதற்குத் தன்னைத் தவிர எத்தனை பேர் பொருள் சொல்ல வருகிறார்கள் என்பதை இது காட்டுகின்றது.

இவ்வாறு நாம் கதைத்துக்கொண்டிருந்த ஒருநாள், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு தாய் வாய் திறந்தார். அவரது மகன் 2009 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர்.

"பத்தாம் வகுப்புப் படிக்கேக்க ஊசியாலயும் பேனை மையாலயும் தன்ர பேரின்ர முதல் எழுத்தைக் கையில குத்திக்கொண்டு வந்தவன். விறகுக் கட்டையால அடிச்சனான். இண்டைக்கு எந்தப் படிவம் நிரப்பினாலும் அடையாளம் எண்டு கேக்கிற இடத்தில அந்த எழுத்தைத்தான் முதல்ல சொல்லுறன்."

2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வரைக்கும், அதற்கு முன்பும் எத்தனையோ இடங்களில், அந்தத் தாய் படிவம் நிரப்பியிருக்கிறார். சிலவற்றை நிரப்பிக் கொடுத்தது நான்தான். 'உடலிலுள்ள அடையாளங்கள்' என்ற அந்தக் கோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். அந்த வரிக்குப் பின்னால் ஓர் அடியும் அதற்கான அழுகையும் இருந்தது எனக்குத் தெரியாது. காலம் செல்லச் செல்ல எலும்பு மிஞ்சும், தோலில் எழுதியது மிஞ்சாது என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வதனாவின் கேள்விக்கு நான் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. இருவரும் வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போனோம். அங்கு அறிந்துகொண்டவற்றை, இதனை விரும்பக்கூடிய ஏனைய சகோதரிகளுக்காகவும் எழுதுகின்றேன்.

தழும்பு முற்றாக ஆறி நிறம் மாறாமல் நிலைத்த பின்னரே அதில் ஊசி படலாம். அதற்கு ஒரு வருடமாவது செல்லும். எம்மைப் போன்ற கருமையான தோலில் சில தழும்புகள் காயத்தின் எல்லையையும் தாண்டி மேடாகத் தடித்து வளரும். கீலொயிட் எனப்படும் அத்தழும்பின் மேல் குத்தக்கூடாது. குத்தினால் அது மேலும் வளரலாம். உள்ளே செல் துண்டு இருப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்த்துக்கொள்வது நல்லது. ஊசி புதிதாக, கண்முன்னே உறை பிரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மையும் ஒருவருக்கென்று தனியாக ஊற்றப்பட வேண்டும். ஒருவருக்குப் பாவித்த ஊசி மற்றவருக்குப் பட்டால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியன தொற்றலாம். திருவிழாக் கடைகளிலும் நண்பர்களின் வீட்டிலும் குத்துவது ஆபத்தானது. குத்திய பின் குறிப்பிட்ட காலத்துக்கு இரத்ததானம் செய்ய முடியாது. வேண்டாமென்றால் லேசர் கதிர் மூலம் நீக்கலாம் என்பார்கள். அதற்குப் பல தடவைகள் போகவேண்டும், செலவும் அதிகம், முற்றாக அழியும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே கோபத்திலோ காதலிலோ எடுத்த முடிவை ஆறப்போட்டுப் பார்ப்பதே புத்தி. பிள்ளைகளுக்கும் இதனை அடிக்காமல் எடுத்துச் சொல்லலாம்.

வதனாவின் தழும்பில் முழங்கைப் பக்கம் கீலொயிட் இருந்தது. அதில் ஊசி படக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மணிக்கட்டை அண்டிய பகுதியில் கவனமாகச் செய்யலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் வரவில்லை.

மூன்றாவது நாள் ஒரு கொப்பித் தாளோடு வந்தாள். அவளது மகள் வரைந்தது. தழும்பை மூடாமல், மணிக்கட்டில் தொடங்கித் தழும்பின் ஓரமாகவே கொஞ்சத் தூரம் செல்லும் ஒரு முல்லைக் கொடி. மேடான பகுதிக்கு முன்னரே கொடி நின்றுவிடுகிறது. "அதுவும் இருக்கட்டும் மிஸ், இதுவும் இருக்கட்டும்" என்றாள்.

தாளை ஆச்சியிடமும் காட்டினோம். கண்ணுக்குக் கிட்டே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தப் புள்ளகிட்ட கேட்டுத்தானே குத்தப் போறாங்க? அது போதும்."

வதனா இன்னும் முடிவெடுக்கவில்லை. காசும் சேரவில்லை. பாடசாலைச் சீருடைகள் தைத்த காசில் ஒரு பங்கைத் தனியாக வைக்கிறாள். அந்தத் தாள் அவளது சேமிப்புப் புத்தகத்துக்குள் மடித்தபடி இருக்கிறது. சென்ற வாரம் வெக்கை தாங்கமுடியாத ஒரு மத்தியானத்தில், மெசினில் இருந்தபடியே அவள் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டாள். எவரும் ஒன்றும் கேட்கவில்லை.